மூடிக் கொடுத்த அரிசி

இங்கே கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலை விட்டு வெளியே வரும்போது அவர்கள் தலையில் அரிசியை வாரி இறைக்கிறார்கள். நம் ஊர் அட்சதை மாதிரிதானே என்று நினைத்துவிடாதீர்கள். அட்சதை என்பது விரல் நுனியில் எடுத்து நாலு மணி தூவுவது. இவர்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்து கைகொண்ட மட்டும் அள்ளி வீசுகிறார்கள். பிறகு அதன்மேலேயே பூட்ஸ் காலோடு நடக்கிறார்கள், சிரிக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாரும் போனபின் ஒரு கிழவர் வந்து துடைப்பத்தால் பெருக்கிச் சாக்கடையில் தள்ளுகிறார். வட இங்கிலாந்தில் பஞ்சாலைப் புகை மூடிய இந்தச் சின்ன ஊருக்கு நர்ஸ் வேலையாக நான் வந்து நாலு வருஷம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது. உப்புச் சப்பில்லாத சாப்பாடு பழகிவிட்டது. நாலு மணிக்குள் இருட்டிவிடும் மார்கழிப் பகல்கூடப் பழகிவிட்டது. இந்த அரிசி மட்டும் பழகவில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த களத்தில், மண் வெடிப்புக்குள் விழுந்த நெல்லைத் தென்னங்குச்சியால் நோண்டி முறத்தில் சேர்த்த ஜனம் நாங்கள். எனக்கு வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன்.

வந்த முதல் வருஷம் நடந்ததைக் கேளுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு ஆளுக்கு ஏதாவது கொண்டுவாருங்கள் என்று விக்கர் அறிவித்தார். இங்கே பாதிரியாரை விக்கர் என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாடா, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாரே என்று சந்தோஷம். வந்த நாள் முதலே, லீவு நாளில் நான் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தகர டப்பாவில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். பாயசத்துக்கென்று விற்கிற குட்டை அரிசிதான் இந்த ஊர்க் கடையில் கிடைக்கும், ஆனாலும் அரிசி அரிசிதானே. அதை வெள்ளைத் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். வாசலில் மிசஸ் ஹார்ட்லி நின்றிருந்தார். பூ ஜோடிப்பது, பண்டம் அடுக்குவது எல்லாம் அந்த அம்மாள் பொறுப்பு. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். அவர் கண் நடைபாதைக்குப் போயிற்று. முந்தின நாள் கல்யாணத்தில் வீசிய அரிசி அங்கே இன்னும் கிடந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீயே கூட்டி அள்ளினாயா, டியர்? உனக்கு ஏன் இந்தச் சிரமம்!" என்று என் முழங்கையைப் பிடித்துப் புல்தரைக்கு அழைத்துப் போனார். துணியை உதறி அத்தனை அரிசியையும் சிட்டுக்குருவிகளுக்குப் போட்டார். துணியை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். அப்போது ஜுரம், நாடித்துடிப்பு சொல்லுகிற அளவுக்குத்தான் எனக்கு இங்கிலீஷ். "தேங்க் யூ" என்றேன். தேங்க் யூ! அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

மிசஸ் ஹார்ட்லி பேரில் எனக்குக் கோபம் கிடையாது. பாவம், நல்ல மனுஷி. எனக்குக் கையுறை பின்னிக் கொடுத்தவர். பிடியரிசி என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் செய்த காரியத்தைத்தான் இத்தனை தூரம் வந்தும் என்னால் விழுங்க முடியவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உத்திரமேரூருக்குத் தெற்கே ரெண்டு மைலில் இருக்கிறது எங்கள் சேரி. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத நாற்பது வீடு. பாதி வீடு வேதக்காரர், பாதி வீடு அம்மனைக் கும்பிடுகிறவர். எல்லாருக்கும் ஊர்த்தெருக்காரர் நிலத்தில்தான் வேலை, நெல்லாகத்தான் கூலி. மண்சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்த ஒரு கோயில் வேதக்காரர்களான எங்களுக்கு இருந்தது. பிடியரிசி வழக்கம் மற்ற சபைகளிலும் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சமைக்கும்முன் ஆண்டவர் பேரைச் சொல்லி ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்ப்பது. எடுத்த பிடியைத் திரும்பப் பானையில் போடக் கூடாது. வீட்டில் சோறு பற்றாது என்று அழுதாலும் கூடாது. இவ்வளவும் எல்லா இடத்திலும் உள்ளதுதான். அதற்கப்புறம் நடப்பதை எங்கள் சபையைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எங்கள் பெண்கள் அரிசியைப் பழைய புடவைக் கிழிசலில் முடிந்துகொண்டு வருவார்கள். கோயிலுக்குள் நுழைந்ததும் ஒரு பாய் விரித்திருக்கும். எல்லா முடிச்சும் அந்தப் பாயில் விழும். அந்த வாரம் அடுப்பே எரியாத வீட்டுக்காரியும் ஒரு முடிச்சு கொண்டுவருவாள். அவள் துணிக்குள் ஒன்றும் இருக்காது, வெறும் காற்றுதான். பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது என் அம்மா ராகேல் அத்தனை முடிச்சையும் வாரிக்கொண்டு தட்டி மறைப்புக்குப் பின்னால் போவாள். எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டுவாள். சம்பா, குறுவை, நொய், பஞ்ச மாதத்தில் கேழ்வரகு, எல்லாம் ஒன்றாக. பிறகு ஒவ்வொரு துணியிலும் ஒரு பிடி வைத்து மறுபடி முடிவாள், அவரவர் வீட்டு உலைக்குத் திரும்பிப் போக. வெறும் துணியாக வந்தது எதுவோ அது மட்டும் நிறைந்து திரும்பும். கோயில் விட்டதும் ஒவ்வொருத்தியும் தன் முடிச்சை எடுத்து இடுப்பில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு போவாள்.

ஆக எல்லாரும் முடிச்சோடு வந்தார்கள், எல்லாரும் முடிச்சோடு போனார்கள். யார் கொடுத்தாள் யார் வாங்கினாள் என்று தெரிந்தது என் அம்மா ஒருத்திக்குத்தான். அவளோ வாயே திறக்கமாட்டாள். எனக்கும் சொன்னதில்லை, அப்பாவை நைனா என்போம், அவருக்கும் சொன்னதில்லை. "உனக்கு எய்தத் தெரியாது, அதான் உன்கிட்ட குடுத்துக்கீறாங்க" என்று நைனா கேலி பண்ணுவார். "ஆமா, எய்தி வெச்சாதான எவனாவது படிப்பான்" என்று அம்மா திருப்புவாள். அந்தக் கலப்பரிசி ஒழுங்காக வேகவும் வேகாது. பாதி குழையும், பாதி பல்லில் நிற்கும். அதைத் தின்றுதான் நாங்கள் ஒரு சபையாக இருந்தோம்.

ஏகாம்பரத்தார் எங்கள் சபைக்கு வந்தது எனக்குப் பதினோரு வயதில். ஊர்த்தெருக்காரர், நிலபுலம் உள்ள குடும்பம். அவர் மனைவி மரகதம்மா பிரசவத்தில் சாகக் கிடந்து மிஷன் ஆஸ்பத்திரியில் பிழைத்தாள். அந்த நன்றியில் புருஷனும் பெண்டாட்டியும் ஞானஸ்நானம் வாங்கினார்கள். அவருக்கு வைத்த வேதப் பெயரை யாரும் கூப்பிடவில்லை, ஏகாம்பரத்தார் என்றே நின்றுவிட்டது. அவருடைய அண்ணன்மார் சும்மா இருப்பார்களா? சேரிக் கோயிலில் போய் உட்கார்ந்தவனுக்குக் கிணறும் கிடையாது, பங்கும் கிடையாது என்று துரத்திவிட்டார்கள். ஏரிக்கரை ஓரம் ஒரு கொட்டகையில் ரெண்டு வருஷத்துக்குமேல் இருந்தார். பாகத்துக்காகக் கோர்ட்டுக்கு நடந்தார். ஒருவரிடமும் கை நீட்டமாட்டார், அத்தனை ரோஷம். கிறிஸ்துவுக்காக இவ்வளவு இழந்தாரே என்று நாங்கள் எல்லாரும் அவரை மதித்தோம். மதித்தது தப்பில்லை, அவர் இழந்தது நிஜம்தான்.

வழக்கு ஜெயித்து அவர் பங்கு நிலம் திரும்பி வந்தது. முதல் அறுப்பில் ஒரு மரக்கால் சம்பா அரிசியைப் பித்தளைத் தவலையில் நிரப்பிக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். ஆகா என்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். தவலையைப் பாயில் வைக்காமல் பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். "இத்த அதோட கலக்க வாணாம். ஐயரு துன்றதுக்கு இது தனியா இருக்கட்டும்" என்றார். மாதம் ஒரு தரம் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து அப்பமும் திராட்சரசமுமாக இராப்போஜனம் கொடுக்கிற பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். அதுவரை அவரும் எங்கள் கலப்பரிசிச் சோறுதான் தின்றார். சம்பாச் சோறு கிடைத்ததும் அவருக்கும் பல்லுக்கு இதமாகப் போயிற்று. கோயிலை ஓட்டுக்கட்டிடமாகக் கட்ட மனையும் தருவதாக ஏகாம்பரத்தார் சொல்லியிருந்தார். அதற்கப்புறம், மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிற உள்ளூர் உபதேசியார் வாய் திறப்பாரா? ஒரே சபையில் ரெண்டு பானை வந்தது. தவலை பீடத்துக்குப் பக்கத்தில், மண்பானை வாசலுக்குப் பக்கத்தில். ஜெபத்தில் மட்டும் எல்லாரும் சகோதர சகோதரிகள். ஆமென் சொன்ன மறுநிமிஷம் என் அம்மா அவருக்கு "ஐயா" சொல்லவேண்டும், அவர் அவளை "இன்னாமே" என்பார். படிக்கிறது ராமாயணம் இடிக்கிறது பெருமாள் கோயில் என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பழமொழி வேதக்காரருக்கும் பொருந்தும் என்று அப்போதுதான் கண்டேன்.

அதோடு விட்டாரா? ஒரு இராப்போஜன ஞாயிறு, ஆராதனை முடியும்முன் எழுந்து நின்றார்.

"சபைக்குள்ள ஒளிவு மறைவு இன்னாத்துக்கு ஐயரே? அல்லாரும் அரிசி குடுக்கறோம். அது எந்த வூட்டுக்குப் போவுதுன்னு இந்தம்மா ஒருத்திக்குத்தான் தெரியுது. இத்தினி வருசமா யார் யாருக்குக் குடுத்தான்னு பேர் சொல்லட்டுமே. வாங்கறவங்க எந்திரிச்சி நின்னு வாங்கட்டும், ஆண்டவருக்கு நன்றி சொல்லட்டும். இதுல இன்னா தப்பு கீது?"

ஐயர் தலையாட்டினார். "ராகேல், சொல்லிவிடம்மா. சபையில் எல்லாம் வெளிச்சத்தில் நடக்கவேண்டும்" என்றார்.

அம்மா எழுந்து கைகட்டி நின்றாள். "மூடிக் குடுத்தது ஐயரே. தொறக்கமாட்டன்."

"அப்போ நீயே எடுத்துக்கினியா?" என்றார் ஏகாம்பரத்தார்.

"என் வூட்டுப் பானைய வந்து பாருங்க ஐயா" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். நான் துள்ளி எழுந்து, "எங்கம்மா திருடி இல்ல!" என்று கத்தினேன். எனக்கு அப்போது பதினாலு வயது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கி, "கம்முனு குந்து" என்றாள். எங்கள் வீட்டுப் பானையைப் பார்க்க யாரும் வரவில்லை. சபையில் இருந்த அத்தனை பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மரகதம்மா முந்தானையை இழுத்து நெற்றிவரை போர்த்திக்கொண்டாள். உபதேசியாருக்கு அந்த வழக்கம் முழுக்கத் தெரியும். அவர் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? பெயர்களைச் சொல்லும்வரை ராகேல் இராப்போஜனப் பந்திக்கு வரக் கூடாது என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். அதே வாயால் பந்தியை ஆசீர்வதித்தார். எல்லாரும் வரிசையாக முன்னால் போனார்கள். அம்மா மட்டும் பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் அழுதேன். "பேர சொல்லிட்டா இன்னாம்மா? உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டேன்.

"அளுவாத. சொல்லிட்டன்னு வெய்யி. நாளைக்குப் பசியோட ஒருத்தி வெறுந்துணிய முடிஞ்சிக்கினு வருவாளா?" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவிடவில்லை.

அடுத்த வாரமே பாயைச் சுருட்டிவிட்டார்கள். இல்லாதவர்கள் பெயரை உபதேசியார் படிப்பார், அவர்கள் எழுந்து முன்னால் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும். முதல் ஞாயிறு லேயாள் பெயரைப் படித்தார். புருஷனை இழந்தவள், ரெண்டு குழந்தை. அவள் எழுந்திருக்கவே இல்லை. உபதேசியார் ரெண்டாம் தரமும் படித்தார். அவள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அந்த மாதமே செங்கல் சூளை வேலைக்கென்று குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். எந்த ஊர்ச் சூளை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. வாங்க ஆளில்லை, பார்த்தீர்களா, சபையில் தரித்திரமே இல்லை என்று ஏகாம்பரத்தார் சந்தோஷப்பட்டார். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குப் புரியவே புரியாத விஷயம். ஒவ்வொரு ஞாயிறும் முடிச்சுத் துணியோடு போய் வாசலோரம் உட்காருவாள், அரிசியை மண்பானையில் கொட்டுவாள். பந்தி நேரத்தில் மற்றவர்கள் எழுந்து போகும்போது இடத்தைவிட்டு அசையமாட்டாள். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்து, அங்கிருந்த ஒரு டாக்டரம்மா சிபாரிசில் இங்கிலாந்துக்கு வேலை கிடைத்துப் புறப்பட்டபோதும் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

புறப்பட்ட அன்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் என் டிரங்குப் பெட்டியைப் பஸ்மேல் ஏற்ற அம்மா கண்டக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தில் மரகதம்மா என்னிடம் வந்தாள். கையில் ஒரு சின்ன முடிச்சு.

"கொட்டாயில இருந்தமே, அந்த ரெண்டு வருசமும் எங்க அடுப்பு எரிஞ்சது உங்கம்மா கட்டிக் குடுத்த முடிச்சிலதான்" என்றாள். "வாரா வாரம் வெறுந்துணிதான் கொண்டாருவேன். எங்க பொறந்த வூட்லேர்ந்து வருதுன்னு அவர்கிட்ட சொல்லி ஆக்கிப் போடுவேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அன்னைக்குக் கோயில்ல ஏன் சொல்லல? எங்கம்மாவத் திருடின்னாரே உங்க வூட்டுக்காரரு, கேட்டுக்கினு தான குந்தியிருந்தீங்க?" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முடிச்சை என் கையில் திணித்துவிட்டு, அம்மா திரும்புவதற்குள் போய்விட்டாள்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏகாம்பரத்தார் வூட்டுக்கு நீதான் அரிசி குடுத்தியாம்மா?"

அம்மா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "நான் யாருக்கும் குடுக்கல. சபை குடுத்துச்சி" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது. அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், அந்த மனுஷன் அன்றைக்கே கூனிக் குறுகியிருப்பான். சேரி அரிசியைத் தின்று உயிர் பிழைத்தவன் சேரி அரிசியோடு தன் அரிசி கலக்கக் கூடாது என்கிறான்! ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார். அந்த ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மீதும் கோபம்தான். மறைக்கமாட்டேன்.

போன வருஷம் இந்த ஊர்க் கோயிலில் விக்கர் வாரம் ஒருநாள் வேதபாடம் நடத்தினார். ஒரு நாள் கரும்பலகையில், கிறிஸ்துவை நடுவில் வைத்த சபைக்கு அடையாளம் என்ன என்று எழுதி, ஆளாளுக்குச் சொல்லுங்கள் என்றார். நல்ல பிரசங்கம் என்றார் ஒருவர். ஜெபம், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வெளிநாட்டு மிஷன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். வெளிநாட்டு மிஷன் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் முறை வந்தது. இப்போது எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. "பசித்தவர் யாரென்று சபைக்குத் தெரியக் கூடாது. ஆனால் அவர்கள் வீட்டுக்குச் சோறு போயிருக்கவேண்டும்" என்றேன். விக்கர் ரொம்ப உருக்கமாக என்னைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையிலிருந்து, நம் நர்ஸ் சாராவின் ஜனங்கள் இந்தியாவில் பசியால் வாடுகிறார்கள், அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம் என்று சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். வாசலில் ஆளாளுக்குப் பால் பவுடர் டப்பாவும் பழைய கம்பளிச் சட்டையும் என் கையில் திணித்தார்கள். லேயாள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு முழுசாகப் புரிந்தது. அவளுக்கு இருந்த மானம்கூட எனக்கு இல்லை, நான் எழுந்து நின்றுவிட்டேனே.

ரெண்டு மாதத்துக்கு முன் தம்பி தானியேலிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். பதினோரு வருஷமாகப் பந்தியில் கை நீட்டாதவள், கடைசிவரை நீட்டாமலே போனாள். தம்பி போய் ஐயரைக் கேட்டானாம், சாகக் கிடக்கிறவளுக்கு இராப்போஜனம் கொடுங்கள் என்று. பெயர்களைச் சொன்னாளா என்று ஐயர் கேட்டாராம். பதினோரு வருஷம் கழித்து, காய்ச்சலில் பிதற்றுகிறவளிடம்! அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன். ராத்திரி டியூட்டி முடித்து வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்முன் மரகதம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாளாம். இடுப்பிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து, அதன் முடிச்சை எல்லாருக்கும் முன்னால் அவிழ்த்துக் காட்டினாளாம். உள்ளே ஒன்றுமில்லை. "ரெண்டு வருசம் இந்தத் துணிதான் எங்க வூட்டுக்குச் சோறு போட்டுச்சி. ராகேலு கட்டிக் குடுத்தது" என்று சொல்லி அதைப் பெட்டிமேல் வைத்தாளாம். ஏகாம்பரத்தாருக்கு முகம் செத்துப் போயிற்றாம். "என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டாராம்.

"சொல்லியிருந்தா துன்னிருப்பியா?" என்றாளாம் மரகதம்மா.

அப்புறம் இன்னும் மூன்று பேர், நாலு பேர், தங்கள் துணியையும் கொண்டுவந்து வைத்தார்களாம். அம்மா கட்டிய முடிச்சை நான் அவிழ்த்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். அவிழ்த்தவர்கள் அவர்களே. வராதவர்கள் பெயர் அம்மாவோடு மண்ணுக்குள் போயிற்று.

அதற்குப் பின்னால் ஐயர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். சபைக் கமிட்டி கூடி என் தாயார் ராகேலின் பெயரை மறுபடி இராப்போஜனப் புஸ்தகத்தில் சேர்த்துவிட்டதாம். புதுக் கோயில் சுவரில் அவள் பேரில் ஒரு கல் பதிக்க ஏகாம்பரத்தாரே முன்வந்திருக்கிறாராம், மூத்த மகளாகிய என் சம்மதம் வேண்டுமாம். செத்தவளுக்குப் பந்தியில் இடம்! உயிரோடு இருந்தபோது ஒரு துண்டு அப்பம் கொடுக்க வக்கில்லாதவர்கள் கல் பதிக்க வருகிறார்கள். அன்று ராத்திரியே பதில் எழுதினேன். நாலு வரிதான். "ஐயருக்கு ஸ்தோத்திரம். கல் வேண்டாம். பெயரும் வேண்டாம். சுருட்டி வைத்த பாயை எடுத்து விரியுங்கள். தவலை அரிசியை மண்பானையில் கொட்டுங்கள். அந்த ஞாயிறு வரும்வரை என் அம்மா வாசலோரம் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்." பதில் இன்னும் வரவில்லை. கமிட்டி கூடிப் பேசும் என்று தம்பி எழுதியிருக்கிறான்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், என்னைப்போல் கடல் கடந்து வந்து வேறொரு கோயிலில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் சபையில் கிறிஸ்து இருக்கிறாரா என்று பார்க்கப் பிரசங்கத்தைக் கேட்காதீர்கள், ஓட்டுக்கூரையையும் மணியையும் பார்க்காதீர்கள். வெறுந்துணியோடு ஒருத்தி தலைநிமிர்ந்து உள்ளே வரமுடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் அவர் அங்கே இருக்கிறார். எனக்குத் தெரிந்த வேதபாடம் இவ்வளவுதான்.

குருவிக்குப் போன அந்த முதல் அரிசிக்கு அப்புறம் இங்கே நான் கோயிலுக்கு அரிசி கொண்டுபோகவில்லை. ஆனால் பிடி எடுப்பதை நிறுத்தவும் முடியவில்லை. இந்த ஊரிலும் யாருக்காவது பசிக்கும். யாருக்கு என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு பாய் கிடையாது. உத்திரமேரூரில் பானை இருக்கிறது, அதில் கொட்டி முடிந்து தரக் கை கிடையாது. ரெண்டு கோயில் புஸ்தகத்திலும் என் பெயர் மட்டும் இருக்கிறது. மரகதம்மா பஸ் ஸ்டாண்டில் கொடுத்த முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை, டப்பாவின் அடியில் கிடக்கிறது. அதன்மேல் மூன்று வருஷமாக விழுந்த அரிசி, வண்டு வராமல் இருக்க வேப்பிலைகூட இல்லாத நாட்டில், ஒவ்வொரு மாதமும் புடைத்து வைத்த அரிசி.

இன்று காலை உலை கொதித்தது. வழக்கம்போல் ஆண்டவர் பேரைச் சொல்லி ஒரு பிடி எடுத்துவிட்டேன். டப்பாவைத் திறந்தால் விளிம்புவரை நிரம்பியிருக்கிறது, ஒரு மணிக்கு இடமில்லை. எடுத்த பிடியைத் திரும்பப் போடக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே குருவிகள் காத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. மூடிய கையைத் திறக்காமல் அடுப்பங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.